கையேட்டில் எதற்கெல்லாம் ஸ்கிரீன்ஷாட்?

கேள்வி: பில்லிங் சாஃப்ட்வேர் ஒன்றுக்குப் பயனர் கையேடு எழுதுகிறேன். ஸ்டெப்புக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் வேண்டும் என்கிறார் மேலாளர். புது வெர்ஷன் வந்ததும் பாதிப் படங்கள் பழசாகிவிடுகின்றன. எதை வைப்பது, எதை விடுவது?
– வாசகி, ஈரோடு

பதில்: ‘சேவ் பட்டனை அழுத்தவும்’ என்பதற்குப் படம் எதற்கு? பட்டனிலேயே பெயர் இருக்கிறது. பெயரில்லாத ஐகான், பெட்டிகள் நெருக்கியடிக்கும் திரை, வேலை சரியாக முடிந்ததா என்று ஒத்துப்பார்க்கும் இடம், இவற்றுக்கு வையுங்கள். பொருளுக்கு ஜிஎஸ்டி பதியும் திரை என்றால் ஒரே படம் போதும். எச்எஸ்என் குறியீடு (பொருளின் வகையைக் காட்டும் எண்), வரி விகிதம், ‘விலையில் வரி அடக்கம்’ என்ற டிக் பெட்டி, மூன்றுக்கும் 1, 2, 3 என எண் போட்டு விளக்கத்தைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள். படத்துக்குள்ளேயே எழுதிவிட்டால் ஒரு சொல்லைத் திருத்தவும் படத்தைத் தொட வேண்டிவரும்.

பிழைச் செய்தியைப் படமாக மட்டும் போடவே கூடாது. மாட்டிக்கொண்டவர் அந்த வாசகத்தைத் தட்டித்தான் தேடுவார். கையேட்டில் அது எழுத்தாக இருந்தால்தான் கிடைக்கும். படத்தை எடுத்துவிட்டாலும் ஸ்டெப் புரிய வேண்டும். திரையில் உள்ளதை வாசித்துக்காட்டும் ஸ்கிரீன் ரீடரில் கேட்பவருக்கு அந்த எழுத்துதான் கையேடு.

எடுக்கும்போது விண்டோஸில் ஆல்ட், பிரிண்ட் ஸ்கிரீன் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் திறந்திருப்பவற்றில் நீங்கள் அப்போது வேலை செய்யும் விண்டோ மட்டும் வரும். டிஸ்பிளே ஸ்கேலை எல்லாப் படத்துக்கும் ஒன்றாக வையுங்கள். ஒன்று 100%, அடுத்தது 150% என்றால் எழுத்து அளவு தாறுமாறாகத் தெரியும். சேமிப்பது பிஎன்ஜியில். ஜேபெக்கில் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் வரும். ஓரம் வெட்டும்போது விண்டோவின் தலைப்பை விட்டுவையுங்கள், எந்தத் திரை என்று தெரியட்டும்.

வாடிக்கையாளரின் உண்மையான டேட்டாவில் படம் எடுக்காதீர்கள். சோதனைக்கென ஒரு கம்பெனியை உருவாக்கிக்கொள்ளுங்கள். மறைத்தே ஆக வேண்டுமென்றால் மங்கலாக்குவதை நம்பாமல், முழுக் கறுப்புக் கட்டம் போட்டு, பிஎன்ஜியாகப் புதிதாக ஏற்றுமதி செய்யுங்கள். விண்டோஸ் 11-இல் ஸ்கிரீன்ஷாட் எடுக்க உதவும் ஸ்னிப்பிங் டூலில் வெட்டி, அதே ஃபைலில் சேமித்த படங்களில் வெட்டிய பகுதியும் மிச்சமிருந்தது 2023-இல் தெரியவந்து, பிறகு சரிசெய்யப்பட்டது.

மேலாளரிடம் வாதாட வேண்டாம். ஃபைல் பெயரில் திரையின் பெயரையும் வெர்ஷனையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த ரிலீஸில் மாறிய திரைகளின் பட்டியலை டெவலப்பர்களிடம் வாங்கி ஒத்துப்பார்த்தால், திரும்ப எடுக்க வேண்டியவை எத்தனை என்று அவருக்கே தெரிந்துவிடும்.