புஷ்ராடு வளராது

கேள்வி: மேலூர் பக்கம் நெல் விவசாயம் செய்கிறேன். பழைய மூன்று சிலிண்டர் டீசல் டிராக்டர் வைத்திருக்கிறேன். சென்ற மாதம் வால்வுகள் இருக்கும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறையில் வேலை பார்த்தோம். பூட்டிய பிறகு இரண்டு வால்வுகளுக்கு, இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் டேப்பட் ஸ்குரூவை முழுவதும் தளர்த்தியும், வால்வுக்கும் அதை அழுத்தும் ராக்கர் ஆர்முக்கும் நடுவே இடைவெளி வரவில்லை. புஷ்ராடு நீளமாகிவிட்டது, ஒன்றரை மில்லிமீட்டர் வெட்டினால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். குட்டையான புஷ்ராடு தன்னிடமே இருக்கிறது என்கிறார் ஸ்பேர் கடைக்காரர். எவ்வளவு வெட்டலாம்?

பதில்: கொஞ்சம்கூட வெட்டாதீர்கள். புஷ்ராடு, ராக்கர் ஆர்மைக் கீழிருந்து தள்ளும் இரும்புக் கம்பி. நட்டு வைத்தால் நீளுவதற்கு அது முருங்கைக் கொம்பு அல்ல. வளைந்தால் குட்டையாகும், முனை தேய்ந்தால் குட்டையாகும். ஹெட் பட்டறைக்குப் போகும்வரை சரியாக இருந்த கம்பி, திரும்பி வந்ததும் எப்படி நீளமாகும்?

மாறியது ஹெட். அடிப்பரப்பைச் சீவினால், ராக்கர் ஆர்ம்கள் கோத்திருக்கும் ராக்கர் ஷாப்ட் அந்த அளவுக்குக் கீழே இறங்கும். வால்வு அமர்ந்து மூடும் சீட்டை ஆழமாக வெட்டினால் வால்வு ஹெட்டுக்குள் புதைந்து, அதன் வால்முனை மேலே ஏறும். ராக்கர் ஆர்ம் குழந்தைகள் ஆடும் ஏற்ற இறக்கப் பலகை போன்றது. வால்வுப் பக்கம் உயர்ந்தால் புஷ்ராடு பக்கம் தாழும். இரண்டும் சேர்ந்து, உங்கள் ஸ்குரூவைத் தளர்த்த மிச்சமிருந்த மரையைத் தின்றுவிட்டன. இரண்டு வால்வுகளில் மட்டும் தொல்லை என்கிறீர்கள். ஹெட்டைச் சீவியது ஆறு வால்வுகளுக்கும் பொது. ஆகவே அந்த இரண்டு சீட்டுகளை மட்டும் கூடுதலாக வெட்டியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

கம்பியை வெட்டினால் இடைவெளி கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் ராக்கர் மூக்கு வால்வை அழுத்தும் கோணம் திருந்தாது. வால்வு பாதி திறந்திருக்கும்போது ராக்கர் ஆர்மும் வால்வுத் தண்டும் ஏறக்குறைய செங்கோணத்தில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு வால்முனையை நேராக அழுத்தாமல் பக்கவாட்டில் தள்ளும். வால்வுத் தண்டு ஓடும் கைடு தேயும், அந்த வழியாக எண்ணெய் இறங்கும், நீலப் புகை வரும். அப்போது பிஸ்டன் ரிங்கை மாற்றச் சொல்லி இன்னொருவர் வருவார்.

நீங்களே பார்க்கலாம். இடைவெளி சரியாக வைக்க முடிகிற ஒரு வால்வின் முனையிலும், இந்த இரண்டில் ஒன்றிலும் மார்க்கர் மை பூசுங்கள். கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டு என்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். நல்ல வால்வில் மை நடுவே ஒடுக்கமான பட்டையாக அழிந்திருக்கும். மற்றதில் பட்டை அகன்று ஓர் ஓரத்துக்குப் போயிருந்தால் கோணம் கெட்டுவிட்டது.

தீர்வு, அந்த இரண்டு இடத்திலும் புது சீட் ரிங் அடித்து, வால்வு புதையும் ஆழத்தை டிராக்டர் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவருவது. வால்வு அதிகம் புதைந்த டீசல் என்ஜினில் கம்பிரஷனும் குறையும். வால்முனையைத் தேய்த்துச் சரிசெய்கிறேன் என்று யாராவது சொன்னால் ஹெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். கடினமாக்கப்பட்ட மேல்தோல் போய்விட்டால் முனை காளான்போல் நசுங்கிவிடும்.

எல்லா வால்வும் ஒரே அளவில் உயர்ந்திருந்தால் மட்டும், ராக்கர் ஷாப்டைத் தாங்கும் ஸ்டாண்டுகளின் அடியில் தகடு வைத்து ஷாப்டை உயர்த்தலாம். இதில் ஒன்றை மறக்கவே கூடாது. ஷாப்டுக்கு எண்ணெய் பெரும்பாலும் ஏதாவது ஒரு ஸ்டாண்டின் வழியாகத்தான் ஏறுகிறது. தகட்டில் அதற்கு நேராகத் துளை வேண்டும். துளையில்லாத தகட்டோடு ஒரு ஹெட் என்னிடம் வந்தது. ராக்கருக்குள் இருக்கும் உள்வளையங்களான புஷ்கள் காய்ந்து ஷாப்டை அரித்திருந்தன. துளை போட்டாலும் போதாது, போல்ட்டுக்கும் அதன் துளைக்கும் இடையே எண்ணெய் ஏறும் அமைப்பா என்று பார்த்து, அந்த வழியும் அடைபடாமல் வெட்ட வேண்டும். எல்லா ஸ்டாண்டுக்கும் ஒரே தடிமன் வேண்டும், இல்லாவிட்டால் ஷாப்ட் வளையும். பூட்டியதும் கவரைத் திறந்து வைத்து, ஒவ்வொரு ராக்கரிலும் எண்ணெய் கசிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே மூடுங்கள்.

குட்டைக் கம்பிக்கு வருவோம். உறையில் நீளம் அச்சிடப்படாத கம்பியை வாங்காதீர்கள். அதைப் பரிந்துரைப்பவருக்கும் கடைக்கும் என்ன கணக்கு என்பது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அதைவிட எரிச்சல் தருவது பட்டறை ரசீது. ‘ஹெட் வேலை’ என்று இரண்டே சொல், கீழே தொகை. எத்தனை மில்லிமீட்டர் சீவினார்கள், எந்த சீட்டை எவ்வளவு வெட்டினார்கள் என்று ஒரு வரி எழுத யாருக்கும் கை வருவதில்லை. கேட்டால், ‘லேசாகத்தான்’ என்பார்கள். இம்முறை அளவை எழுதி வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.

பெரியாறு வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது, உழவு நிற்கிறது என்று இந்த நிலையிலேயே வண்டியை ஓட்டிவிடாதீர்கள். இடைவெளி இல்லாத வால்வு முழுவதும் மூடாது. எரியும் சூடான வாயு கசிந்து வால்வும் சீட்டும் கருகும். இரண்டு நாளைக்கு வாடகை டிராக்டர் பிடித்துக்கொள்ளுங்கள்.