ஒடுங்கிய கிரீன்லாந்துத் துடுப்புக்கு மாறினால் வேகம் குறையுமா?

கேள்வி: கடல் கயாக்கில் (இரு முனையிலும் அலகுள்ள துடுப்பால் செலுத்தும் ஒடுங்கிய படகு) இரண்டு மணிநேரத்திற்கு மேல் சென்றால் வலது மணிக்கட்டு நோகத் தொடங்குகிறது. இப்போது என்னிடம் இருப்பது அகன்ற அலகுள்ள (நீரைத் தள்ளும் தட்டைப் பகுதி) காபன் துடுப்பு. கிரீன்லாந்து மக்களின் ஒடுங்கிய மரத்துடுப்புக்கு மாறலாமா? அவ்வளவு ஒல்லியான துடுப்பால் வேகம் குறைந்துவிடாதா?

பதில்:

மாறலாம். வேகமும் நீங்கள் அஞ்சும் அளவுக்குக் குறையாது. ஆனால் உங்கள் மணிக்கட்டு நோவுக்குக் காரணம் அலகின் அகலமாக இல்லாமல் வேறொன்றாகவும் இருக்கலாம் என்பதால், பணம் செலவழிக்கும் முன்னர் ஒரு சிறு சோதனையைச் செய்து பாருங்கள். அது என்ன என்பதை இறுதியில் எழுதுகிறேன்.

நான் நோர்வேயின் மேற்குக் கரையில், பேர்கன் நகருக்கு அருகில் வசிக்கிறேன். ஒன்பது கோடைகாலங்களாகக் கடல் கயாக் செலுத்தி வருகிறேன். முதல் நான்கு ஆண்டுகள் உங்களிடம் இருப்பதைப் போன்ற அகன்ற துடுப்பையே பயன்படுத்தினேன். அதன் பின்னர் பெரும்பாலும் நானே செதுக்கிக்கொண்ட ஒடுங்கிய துடுப்புடன்தான் கடலுக்குப் போகிறேன். ஆகவே இங்கே சொல்லப்போவது இரண்டையும் ஒரே படகில், ஒரே உடலால் பயன்படுத்திப் பார்த்தவனின் கணிப்பு.

ஒடுங்கியது என்றவுடன் சிறியது என்று நம் கண் முடிவுகட்டிவிடுகிறது. எனக்கும் அந்த எண்ணமே இருந்தது. ஒரு நாள் மழைக்காக வீட்டில் அடைந்திருந்தபோது (பேர்கனில் இது அரிய நிகழ்வல்ல) இரண்டு துடுப்புகளையும் சதுரக்கட்டத் தாளின் மீது வைத்து, விளிம்பைப் பென்சிலால் வரைந்து, கட்டங்களை எண்ணினேன். அகன்ற அலகு 46 சென்ரிமீற்றர் நீளமும், அதிகபட்சம் 17.5 சென்ரிமீற்றர் அகலமும் கொண்டது; அதன் பரப்பு ஏறத்தாழ 640 சதுர சென்ரிமீற்றர். ஒடுங்கிய அலகோ நுனிக்கு அருகில் 8.5 சென்ரிமீற்றர் அகலமே உடையது, கைப்பிடியை நோக்கி வரவர இன்னும் குறுகுகிறது. ஆனால் அதன் நீளம் 82 சென்ரிமீற்றர். அதன் பரப்பு ஏறத்தாழ 570 வந்தது. பாதி அகலம் கொண்ட துடுப்பு, பரப்பில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்திருந்தது.

எனவே வேறுபாடு எவ்வளவு நீரைப் பிடிக்கிறது என்பதில் அதிகம் இல்லை. எப்படிப் பிடிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. அகன்ற அலகு குட்டையானது என்பதால், நீருக்குள் ஓரடியும் சில விரற்கடையும் இறங்கியவுடனேயே முழுவதும் மூழ்கி, முழுப் பாரத்தையும் உடனடியாகத் தோளிலும் முழங்கையிலும் ஏற்றிவிடுகிறது. ஒடுங்கிய அலகு கத்தியைப் போல இறங்குகிறது. கைக்குச் சற்றுக் கீழே வரை அது மூழ்கிய பின்னரே முழுப் பரப்பும் வேலை செய்யும் என்பதால், பாரம் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. நின்ற இடத்திலிருந்து புறப்படும் முதல் நான்கைந்து இழுப்புகளில் துடுப்பு வழுக்குவதைப் போன்ற ஓர் உணர்வு இருக்கும், அதை மறுப்பதற்கில்லை. படகு ஓடத் தொடங்கிய பின்னர் அந்த உணர்வு மறைந்துவிடுகிறது. மேலும், ஐந்து மீற்றருக்குச் சற்றுக் கூடிய ஒரு கடல் கயாக்கில் மணிக்கு ஆறு அல்லது ஏழு கிலோமீற்றர் வேகத்தைத் தாண்டும்போது, படகு தானே எழுப்பும் அலையின் தடை விரைவாகக் கூடிவிடுகிறது. அந்த எல்லையை நமக்கு விதிப்பது பெரும்பாலும் படகின் உடல்தான், கையில் இருக்கும் துடுப்பு அல்ல. நான் வழக்கமாகச் செல்லும் 18 கிலோமீற்றர்ச் சுற்றில் இரண்டு துடுப்புகளுக்கும் இடையே சில நிமிட வேறுபாடுதான் வருகிறது, அதுவும் எந்தப் பக்கம் சாயும் என்பதை அன்றைய காற்றே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வேகம் மட்டுமே வேண்டுமென்றால் இவை இரண்டுமே உரியவை அல்ல. 1980களின் நடுவில் ஸ்காண்டிநேவியாவில் உருவான, கரண்டியைப் போல் குழிந்த இறக்கைத் துடுப்பைத்தான் ஓட்டப்போட்டியாளர்கள் கையில் எடுக்கிறார்கள்.

ஒடுங்கிய துடுப்பை முதன்முறையாகக் கையில் எடுப்பவர்களில் பெரும்பாலோர், அகன்ற துடுப்பைப் போலவே அலகை நீருக்கு நேர் செங்குத்தாக வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, "இது நடுங்குகிறது, சரிப்பட்டு வராது" என்று திருப்பித் தந்துவிடுகிறார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் செய்தேன். அலகின் மேல்விளிம்பைப் படகின் முன்பக்கம் நோக்கிச் சிறிது சாய்த்துப் பிடிக்க வேண்டும் என்பதை யாரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. அப்படிச் சாய்த்தால், இழுக்கும்போது அலகின் மீது படும் நீரின் அழுத்தம் அலகை முன்னோக்கியும் கீழ்நோக்கியும் தள்ளுகிறது. அதனால் நாம் அழுத்தாமலேயே துடுப்பு தானாக ஆழத்துக்குப் போகிறது, நடுக்கமும் நின்றுவிடுகிறது, நீர்ப்பரப்பிலிருந்து காற்றை உள்ளே இழுக்கும் அந்தக் "குளுக்" என்ற ஓசையும் கேட்பதில்லை. கைகளையும் தாழ்வாக, ஏறத்தாழ மடிக்கு மேலே வைத்துக்கொண்டு, உடலைத் திருப்பி இழுக்க வேண்டும். இந்தப் பழக்கம் வர எனக்கு மூன்று வாரங்கள் ஆயின. சாய்வு கைக்கு வரும் முன்னர் இந்தத் துடுப்பைப் பற்றி எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

அடுத்து, உங்கள் மணிக்கட்டுக்கு நேரடியாகத் தொடர்புள்ள காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகன்ற அலகு, காற்றில் மேலே இருக்கும்போது ஒரு சிறு பாய். எதிர்காற்றில் அது நம்மைத் தடுக்கும் என்பதால், இரு அலகுகளையும் ஒரே தளத்தில் வைக்காமல் ஒன்றுக்கொன்று ஒரு கோணத்தில் திருப்பி அமைக்கும் வழக்கம் வந்தது. முன்னர் அந்தக் கோணம் 90 பாகையாகவே இருந்தது. பின்னர் 60, 45, 30 என்று குறைந்துகொண்டே வந்திருக்கிறது. இந்தக் கோணத்திற்கு விலை கொடுப்பது மணிக்கட்டு. ஒவ்வோர் இழுப்புக்கும் நடுவில் ஒரு கை தண்டைச் சுழற்றி மறுபக்க அலகை நீருக்கு நேராக்க வேண்டியிருக்கிறது. நிமிடத்துக்கு 60 இழுப்புகள் என்று வைத்துக்கொண்டால் மணிக்கு 3,600. நான்கு மணிநேரப் பயணத்தில் 14,400. வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் பெரும்பாலும் வலக்கையால்தான் தண்டைச் சுழற்றுகிறார்கள் என்பதையும், உங்களுக்கு நோவது வலது மணிக்கட்டு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஒடுங்கிய துடுப்பில் இந்தத் தொல்லை இல்லை. அலகு காற்றுக்குக் காட்டும் முகம் நீளமானது என்றாலும் ஒடுக்கமானது. உயரமாகத் தூக்குவதும் இல்லை. எனவே இரு அலகுகளும் ஒரே தளத்தில் இருக்கின்றன, மணிக்கட்டைத் திருப்பவே வேண்டியதில்லை. பக்கவாட்டில் திடீரென வீசும் காற்று துடுப்பைக் கையிலிருந்து பிடுங்க முயல்வதும் வெகுவாகக் குறைவு. மலையிடுக்குகளின் வழியே காற்று இறங்கிப் பாயும் எங்கள் ஊர்க் கடற்கால்களில் (மலைகளுக்கு நடுவே நீளும் ஒடுங்கிய கடல் பகுதிகளில்), என்னைக் கட்சி மாற வைத்தது வேறெதையும் விட இந்த ஒன்றுதான்.

இந்த வடிவம் எதற்காக உருவானது என்பதைத் தெரிந்துகொண்டால் அதன் மற்றக் குணங்களும் விளங்கும். பெரும்பாலும் மரம் வளராத கிரீன்லாந்தில், சைபீரிய ஆறுகளிலிருந்து கடலுக்கு வந்து பனிக்கட்டிகளோடு மிதந்து கரையொதுங்கும் மரங்களே துடுப்புக்குப் பயன்பட்டன. நுனியும் விளிம்பும் பனிக்கட்டியில் உரசித் தேயாதிருக்க எலும்போ தந்தமோ பதித்தார்கள். மரத்தட்டுப்பாடுதான் ஒடுக்கத்திற்குக் காரணம் என்று சிலர் அத்துடன் நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. கடல்நாயை வேட்டையாடச் செல்பவனுக்கு ஓசையில்லாமல் நீரில் இறங்கும் துடுப்பு வேண்டும். ஈட்டியை எறிய ஒரு கையை விடுவிக்கும்போது, மேல்தட்டின் தோல்வார்களுக்கு அடியில் செருகிப் படகுக்கு முட்டுக்கொடுக்கக்கூடிய துடுப்பு வேண்டும். படகு கவிழ்ந்தால், எங்கே பிடித்தாலும் பிடிக்குள் அடங்கும் துடுப்பு வேண்டும். அலகின் அகலம் உள்ளங்கைப் பிடிக்குள் அடங்க வேண்டும் என்ற விதி இதனால்தான் வந்தது என்று நினைக்கிறேன்.

கவிழ்ந்த படகை அதில் அமர்ந்தபடியே நிமிர்த்துவதில் இந்த விதியின் பலன் முழுமையாகத் தெரிகிறது. ஐரோப்பியர்களில் இதை முதலில் கற்றவராகச் சொல்லப்படும் ஒஸ்திரியரான பவ்லாட்டா, 1927 இல், துடுப்பின் ஒரு முனையையே கையால் பற்றி முழு நீளத்தையும் நெம்புகோலாக்கும் முறையால்தான் அதைச் சாதித்தார். இன்றும் அந்த முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. அகன்ற அலகின் முனையைக் குளிர்ந்த நீருக்குள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு தேடிப் பிடிப்பது எளிதன்று. பிடித்த பின்னரும் அலகின் குழிந்த முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்ற குழப்பம் மிஞ்சும். ஒடுங்கிய துடுப்பில் இரு முகங்களும் ஒன்றே, மரம் மிதக்கவும் செய்கிறது, கை வழுக்கிக்கொண்டே முனைக்குப் போய்விடுகிறது. அகன்ற துடுப்புடன் நான் நிமிர்ந்தது ஐந்துக்கு மூன்று முறை. ஒடுங்கியதற்கு மாறிய முதல் கோடையிலேயே தவறுவது அரிதாகிவிட்டது. கிரீன்லாந்தின் தேசியக் கயாக் போட்டிகளில் இப்படி நிமிரும் முறைகள் முப்பதுக்கு மேல் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. ஈட்டியெறியும் கட்டையால், வெறுங்கையால், ஏன், கையில் ஒரு கல்லைப் பிடித்துக்கொண்டே நிமிர்வதும் அவற்றில் உண்டு. 1998 இல் பதினாறு வயதில் அந்தப் போட்டியை வென்ற மாலிகியாக் பதில்லா நிமிர்வதைக் காணொளிகளில் பார்த்தால், படகு கவிழ்வது விபத்து என்ற எண்ணமே போய்விடும்.

இவ்வளவு புகழ்ந்துவிட்டதால் அகன்ற துடுப்பு வீண் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆற்றுப் பாய்ச்சலில் அதற்கு மாற்றே இல்லை: நீர் ஆழமில்லை, பாறை இருக்கிறது, ஒரே இழுப்பில் படகைத் திருப்பியாக வேண்டும். 82 சென்ரிமீற்றர் அலகை முழுவதும் மூழ்கடிக்க அங்கே இடமிருக்காது, மர நுனியும் பாறையில் தெறித்துவிடும். கரையில் உடையும் அலைகளில் விளையாடுபவர்களுக்கும், பாறைகளுக்கு நடுவே புகுந்து வெளியேறுபவர்களுக்கும் அந்த உடனடிப் பிடிப்பு தேவை. எடையிலும் அது வெல்கிறது. நல்ல காபன் துடுப்பு 650 முதல் 700 கிராமுக்குள் அடங்கும், என் மரத்துடுப்பு 980 கிராம். கற்றுக்கொள்பவருக்கும் அகன்றதே நல்லது என்று நினைக்கிறேன், ஏனெனில் நீரில் வைத்தவுடன் அது என்ன செய்கிறது என்பது கைக்குத் தெளிவாகத் தெரியும். நான் சேர்ந்த 16 மணிநேர அடிப்படைப் பயிற்சியில் அகன்ற துடுப்பைத் தவிர வேறெதையும் காட்டவில்லை என்பதில் எனக்குக் குறையில்லை. மற்றது ஒரு விளையாட்டுப் பொருள் என்று பயிற்றுநர் சிரித்ததில்தான் குறை.

உங்கள் படகையும் கவனியுங்கள். முன்தட்டு உயரமாகவோ, படகு 60 சென்ரிமீற்றருக்கு மேல் அகலமாகவோ இருந்தால், கைகளைத் தாழ்வாக வைத்து இழுக்கும்போது விரல்கள் விளிம்பில் இடிபடும். ஒடுங்கிய துடுப்பின் இன்பம் அங்கே கிடைக்காது. துடுப்பின் அளவு எடுப்பதற்கோ நாடா தேவையில்லை. கிரீன்லாந்தில் வழங்கும் ஓர் அளவு நம் மீனவர்கள் ஆழம் பார்க்கும் கணக்குக்கு அப்படியே பொருந்துகிறது: ஒரு பாகமும் ஒரு முழமும். அதாவது இரு கைகளையும் விரித்த நீளம், அதனுடன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரையிலான நீளம். எனக்கு அது 215 சென்ரிமீற்றர். நடுவில் பிடிக்கும் தண்டு தோளின் அகலம், எனக்கு 50 சென்ரிமீற்றர். மீதி இரு அலகுகளுக்கும் சமமாகப் போகிறது. செதுக்குவதற்கு, முடிச்சில்லாத, நார் நேராக ஓடும் ஸ்புரூஸ் (ஓர் ஊசியிலை மரம்) பலகை ஒன்று, ஒரு சீவுளி, நான்கு வார இறுதிகள் போதுமானவையாக இருந்தன. மேலே வார்னிஷ் பூசாதீர்கள், நனைந்தால் வழுக்கும். ஆளிவிதை எண்ணெய் தேய்த்தால் போதும்.

இனி அந்தச் சோதனை. உங்கள் காபன் துடுப்பு நடுவில் பிரித்துப் பூட்டும் வகையாக இருந்தால், பூட்டைத் தளர்த்தி, இரு அலகுகளும் ஒரே தளத்தில் நிற்கும்படி கோணத்தைச் சுழியமாக்குங்கள். தண்டையும் இறுகப் பிடிக்காமல், விரல்களை வளையம்போல் தளர வைத்துக்கொண்டு, நான்கைந்து முறை உங்கள் வழக்கமான தூரத்தைப் போய்வாருங்கள். நோவு மறைந்தால் உங்கள் பகை கோணம்தான். அந்தத் துடுப்பையே வைத்துக்கொள்ளலாம், எதிர்காற்று நாட்களில் மட்டும் சற்றுக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கும். மணிக்கட்டு தணிந்தும் தோளோ முழங்கையோ ஒவ்வோர் இழுப்பின் தொடக்கத்திலும் வெட்டி இழுப்பதுபோல் தோன்றினால், ஒடுங்கிய துடுப்பு ஒன்றை யாரிடமாவது இரவல் வாங்கி, மேல்விளிம்பை முன்னே சாய்த்து, மூன்று வாரம் பழகிப் பாருங்கள். காபன் துடுப்பை அப்போதும் விற்றுவிட வேண்டாம். என்னுடையது இரண்டு துண்டுகளாகப் பின்தட்டில் கட்டப்பட்டு, ஒவ்வொரு பயணத்திலும் மாற்றுத் துடுப்பாக என்னோடு வருகிறது; ஆழமில்லாத ஆற்றுமுகங்களில் அதை எடுத்துப் பூட்டிக்கொள்கிறேன்.