தலை தீபாவளிக் கறிக்குழம்பை முதல் நாளே வைக்கலாமா?

கேள்வி: மகளுக்கு இந்த வருடம் தலை தீபாவளி. சம்பந்தி வீட்டாரும் நாங்களுமாக 12 பேர். கையில் 3000 ரூபாய்தான் இருக்கிறது. மட்டனோ கிலோ 800-க்குக் குறைந்து கிடைக்கவில்லை. காலையில் இட்லி, கறிக்குழம்பு, வடை. மதியம் மட்டன் பிரியாணி, சிக்கன் 65, மீன் வறுவல், பாயசம் என்று நினைத்திருக்கிறேன். குழம்பை முதல் நாள் இரவே வைத்து மூடிவிட்டால் காலையில் சூடு காட்டினால் போதும், ஊறினால்தான் ருசி என்கிறார் மாமியார். மகள் மூன்று மாதம் முழுகாமல் இருப்பதால் பயமாக இருக்கிறது. எங்களிடம் சின்ன ஃபிரிஜ்தான்.
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருப்பாப்புலியூர், கடலூர்

பதில்: உங்கள் மாமியார் ருசியைப் பற்றிச் சொன்னது சரி. மூடி வைப்பதுதான் வினை. பெரிய குண்டானில் இரவு 10 மணிக்கு இறக்கிய குழம்பை நடு ராத்திரியில் கிளறிப் பாருங்கள். மேலே எண்ணெய் ஆடை கட்டியிருக்கும், அடியில் இன்னும் வெதுவெதுப்பாக இருக்கும். அந்த வெதுவெதுப்பில்தான் கிருமி பெருகும். கறியில் வரும் க்ளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் வித்து கொதியிலும் சாகாது. சூடு தணியத் தணிய முளைத்து, விடியும் வரை பெருகிக்கொண்டே இருக்கும். வாடையும் வராது, புளிக்கவும் செய்யாது. பிறகு காலையில் பேருக்குச் சூடு காட்டிப் பரிமாறினால், சாயங்காலமோ ராத்திரியோ ஆளாளுக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அதனால் குழம்பை முதல் நாளே வையுங்கள், ஆனால் சாயங்காலம் 5 மணிக்கே அடுப்பில் ஏற்றிவிடுங்கள். 7 மணிக்கு இறக்கியதும் மூன்று நான்கு அகலமான பாத்திரங்களில் விரலளவு ஆழத்துக்குப் பிரித்து ஊற்றுங்கள். துணி அலசும் பேசினில் தண்ணீர் நிரப்பி, அதில் இவற்றை உட்காரவைத்து அவ்வப்போது கிளறிவிட்டால் சீக்கிரம் ஆறும். தண்ணீர் சூடானால் மாற்றுங்கள். 9 மணிக்குள் ஃபிரிஜில் போய்விட வேண்டும். இடமில்லை என்று சொல்லாதீர்கள்: தண்ணீர் பாட்டில், ஊறுகாய், முந்தாநாள் சட்னி எல்லாம் அன்று ஒரு ராத்திரி வெளியே இருக்கட்டும். (சட்னியைக் கொட்டியே விடலாம்.) காலையில் எல்லாவற்றையும் ஒரே குண்டானில் சேர்த்து, தளதளவென்று கொதித்து ஆவி பறக்க விட்டு இறக்குங்கள். மகளுக்கு எதுவானாலும் அப்படிக் கொதித்ததைத்தான் கொடுக்க வேண்டும்.

ஐப்பசி மழையில் நம் ஊரில் கரண்ட் எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? போனால் ஃபிரிஜைத் திறக்காதீர்கள். மூடியே இருந்தால் நாலு மணி நேரம் வரை குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேலும் வரவில்லையென்றால் அந்தக் குழம்பை நம்ப வேண்டாம்.

இனி பணம். மதியத்துக்கு மட்டன் பிரியாணி வேண்டாம், மீன் வறுவலும் வேண்டாம். மழைக் காலத்தில் துறைமுகத்துக்கு வரத்து நிச்சயமில்லை. வந்தாலும் விலை உங்கள் கைக்கு எட்டாது. மட்டன் ஒரு கிலோ, காலைக் குழம்புக்கு மட்டும். அரை கிலோ உருளைக்கிழங்கைப் பெரிய துண்டாகப் போடுங்கள். தேங்காயோடு பண்ருட்டித் துண்டு முந்திரியில் ஒரு கைப்பிடி அரைத்து விட்டால் குழம்பு கெட்டியாக 12 பேருக்கும் வரும். முழு முந்திரிக்குக் கொடுக்கும் விலை அரைத்த பிறகு யார் கண்ணுக்கும் தெரியப்போவதில்லை. இட்லிக்கு ரேஷன் புழுங்கல் பாதி, இட்லி அரிசி பாதியாக ஒரு கிலோ, உளுந்து கால் கிலோ.

மதியம் சிக்கன் பிரியாணி: கோழி ஒன்றரை கிலோ, சீரக சம்பா ஒன்றேகால் கிலோ, கூடவே தயிர்ப் பச்சடி, ஆளுக்கொரு அவித்த முட்டை. கறி, கோழி இரண்டும் சேர்த்துப் பட்ஜெட்டில் பாதிக்குள் அடங்கிவிடும். சிக்கன் 65-ம் பாயசமும் இல்லையென்று எந்த மாப்பிள்ளையும் கோபித்துக்கொண்டு போனதாக நான் கேள்விப்படவில்லை. சம்பந்தியம்மா முணுமுணுத்தால் வடையை இன்னொரு ஈடு போடுங்கள்.

கோழியைத் தீபாவளியன்று காலையில் வாங்குவதே நல்லது. கடையில் கூட்டம் என்று முதல் நாளே வாங்கினால், மூடியுள்ள டப்பாவில் ஃபிரிஜின் கீழ்த் தட்டில் வையுங்கள், மேலே மாவும் குழம்பும் இருக்கட்டும். கோழியைக் கழுவவே வேண்டாம் என்பதுதான் இன்றைய அறிவுரை, நன்றாக வேகும்போதே கிருமி செத்துவிடும். கழுவாமல் நம் வீடுகளில் யாரும் சமைக்க மாட்டார்கள், தெரியும். குழாயடியில் பிடித்துத் தெறிக்கவிடாமல், பாத்திரத் தண்ணீரில் அலசி, பிறகு தொட்டியையும் கையையும் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள். கோழி வெட்டிய கத்தியால் பச்சடி வெங்காயம் நறுக்க வேண்டாம். பச்சைக் கோழியை அப்படியே தம் போடுவதும் வேண்டாம். மசாலாவில் முக்கால் வேக்காடு வந்த பிறகு அரிசி சேருங்கள். எலும்போரம் சிவப்புத் தெரிந்தால் இன்னும் நேரம் கொடுங்கள்.

இனிப்புக்கு அதிரசம் இரண்டு நாள் முன்பே சுட்டு வைக்கலாம், கெடாது. கடையில் பால் இனிப்பு வாங்குவதானால் தட்டில் எழுதியிருக்கும் தேதியைப் பாருங்கள். சில்லறையாக விற்கும் இனிப்புக்கும் எந்தத் தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று எழுதி வைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபரிலிருந்து விதி.

மிஞ்சும் பிரியாணியைச் சாயங்காலம் வரை அண்டாவில் விடாதீர்கள். பரிமாறி இரண்டு மணி நேரத்துக்குள் பிரித்து ஃபிரிஜில் வைக்க வேண்டும். வெளியில் கிடந்த சோற்றில் ஒருவகைக் கிருமி விடும் நஞ்சு, திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சம்பந்தி வீட்டுக்குக் கட்டிக் கொடுக்க ஆசைப்பட்டால் முறுக்கும் அதிரசமும் கொடுங்கள். பிரியாணிப் பொட்டலம் பஸ்ஸில் விழுப்புரம் தாண்டிப் போக வேண்டாம்.