திமிங்கிலம் முகம் திருப்பினால்

அன்புள்ள அக்காவுக்கு,

மணப்பாட்டுக் கரையில் ஒதுங்கிய திமிங்கிலங்களைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து உங்களுக்கு எழுத நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சொந்த ஊர் குலசேகரம். ரப்பர் மரங்களுக்கு நடுவில் வளர்ந்தவள். நீச்சல் படித்தது கோயில் குளத்தில். இப்போது பிரிஸ்பேனில் இருக்கிறோம். வருகிற ஆகஸ்டில் பசிபிக் கடலில் உள்ள டோங்கா தீவுகளுக்குப் போய் கூன்முதுகுத் திமிங்கிலங்களோடு நீந்த வேண்டும் என்று என் கணவருக்கு ஆசை. இரண்டு நிறுவனங்களைப் பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று விலை குறைவு. ‘நீந்துவது உறுதி, இல்லாவிட்டால் மறுநாள் இலவசம்’ என்கிறார்கள். இன்னொன்று ஒன்றரை மடங்கு விலை, எந்த உறுதியும் தருவதில்லை. பதினொரு வயது மகள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: “நாம போய் குதிச்சா அது பயப்படாதாம்மா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எந்த நிறுவனத்தோடு போகலாம்? போகாமலே இருப்பதுதான் சரியா?

ர., பிரிஸ்பேன்

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கூன்முதுகுத் திமிங்கிலத்தோடு நீந்தியதில்லை. கடற்கரைக்காரி என்பதால் என்னிடம் கேட்கிறீர்கள். எங்கள் ஊரில் பெண்பிள்ளைகளைக் கடலில் நீந்த யார் விட்டார்கள்? உங்கள் கோயில் குளத்து நீச்சலில் பாதிகூட எனக்கு வராது. ஆனால் திமிங்கிலத்துக்குப் பக்கத்தில் ஒரு படகு எப்படி இருக்கும் என்பதை இரண்டு படகுகளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

முதலாவது அப்பாவின் வள்ளம். எனக்குப் பத்து வயது இருக்கும். பெண்பிள்ளையை வள்ளத்தில் ஏற்றும் வழக்கம் கிடையாது. அன்று திருவிழா, தொழிலுக்குப் போகாத நாள், நான் அழுத அழுகையில் ஏற்றிக்கொண்டார். முட்டம் கலங்கரை விளக்கம் தீக்குச்சி அளவுக்குச் சிறுத்துவிட்ட தூரத்தில் பஸ் டயரில் காற்றைப் பிடுங்கிவிட்ட மாதிரி ஒரு சத்தம். அதன் பின்னால் ஒரு வாடை வந்தது, வெயிலில் கிடந்து அழுகின சாளையின் வாடை. அப்பா உடனே எஞ்சினை அணைத்தார். “மிண்டாம இரி மக்கா. அது போற வழியில நாமதான் கெடக்கோம்” என்றார். மிண்டாம என்றால் எங்கள் ஊரில் பேசாமல். கறுத்த முதுகு ஒன்று எழுந்து, வழவழவென்று நீண்டுகொண்டே போய், தாழ்ந்தது. என்ன இனம் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை தள்ளி எழுந்தது. மூன்றாம் தடவை சத்தம் மட்டும்தான் வந்தது. அதன் பிறகும் கொஞ்ச நேரம் கழித்தே அப்பா எஞ்சின் கயிற்றை இழுத்தார்.

இரண்டாவது, பத்து வருடத்துக்கு முன்னால் இலங்கையின் தென்கரையில் நீலத் திமிங்கிலம் பார்க்கப் போன சுற்றுலாப் படகு. ஒரு படகோட்டி கண்டுவிட்டால் போதும், மற்றவர்களுக்கு போன் பறக்கும். சற்று நேரத்தில் ஏழெட்டுப் படகுகள், ஏழெட்டு எஞ்சின்கள், நான்கு பக்கமும். நடுவில் உலகத்திலேயே பெரிய உயிர். அது மூச்சு வாங்க எழும்பும்போதெல்லாம் எல்லாப் படகும் அந்தப் பக்கம் பாயும். கடைசியில் வாலைத் தூக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. எல்லாரும் கைதட்டினோம். ஆமாம், நானும்தான். பெஞ்சின்மேல் ஏறி நின்று “அங்க, அங்க” என்று கத்தினவளும் நான்தான். வால் தெரிந்த அந்தப் புகைப்படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. யாருக்கும் காட்டுவதில்லை.

உங்கள் முதல் நிறுவனத்தின் ‘உறுதி’யைப் படித்ததும் எனக்கு அந்த இரண்டாவது படகுதான் நினைவுக்கு வந்தது. அதோடு போகாதீர்கள். திமிங்கிலம் அவர்கள் வீட்டுத் தொழுவத்தில் கட்டிக் கிடக்கிறதா, உறுதி கொடுக்க? அது உங்களைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு நீச்சல் கிடையாது. உறுதி கொடுத்தவன் அந்த முகத்திருப்பலை ஒப்புக்கொள்ள முடியாது. துரத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் டீசல் அவன் கைக்காசு.

எப்படித் துரத்துவார்கள் என்று கேட்டால், பின்னால் போய் அல்ல. படகை முன்னால் ஓட்டிக்கொண்டு போய், திமிங்கிலம் வரும் பாதையில் ஆட்களை இறக்கிவிடுவார்கள். அது விலகிப் போகும். ஆட்களை அள்ளிக்கொண்டு மறுபடி முன்னால் ஓடி மறுபடி இறக்குவார்கள். தண்ணீரில் கிடக்கிற உங்களுக்கு இது தெரியவே தெரியாது. ‘திமிங்கிலம் நேராக எங்களை நோக்கி வந்தது’ என்று ஊருக்குப் போய்ச் சொல்வீர்கள்.

அது டோங்காவுக்கு எதற்கு வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தன்னால் விளங்கும். அண்டார்க்டிகாவின் குளிர்க்கடலில் கோடை முழுக்கத் தின்று கொழுத்துவிட்டு, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீந்தி, ஜூலை முதல் அக்டோபர் வரை இந்த வெதுவெதுப்பான தண்ணீரில் தங்குகிறது. பிரசவத்துக்கும் இணை சேரவும். இங்கே அதற்குச் சாப்பாடு கிடையாது. ஏறத்தாழ ஒரு வருடம் சுமந்து, நான்கு மீட்டருக்கு மேல் நீளமும் ஒரு டன் அளவு எடையும் உள்ள கன்றைப் போட்டு, பட்டினியோடு பால் கொடுக்கிறாள். அந்தப் பால் முழுக்க அவள் உடம்பில் சேர்த்து வைத்த கொழுப்புதான். படகைப் பார்த்து அவள் இடம் மாறும் ஒவ்வொரு தடவையும் செலவாவதும் அந்தக் கொழுப்பே. அதே கொழுப்பில் கன்றோடு அண்டார்க்டிகா வரைக்கும் திரும்பி நீந்தவும் வேண்டும்.

இன்னொன்று உண்டு. மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் கன்றுகளின் மேல் ஒலிப்பதிவுக் கருவிகளை ஒட்டிக் கேட்டார்கள். கன்றும் தாயும் மிக மெல்லிய சத்தத்தில், கிட்டத்தட்டக் குசுகுசுவென்றுதான் பேசிக்கொள்கின்றன. கொலையாளித் திமிங்கிலத்தின் காதிலும், தாயைத் தேடித் திரியும் ஆண் திமிங்கிலங்களின் காதிலும் விழுந்துவிடக் கூடாது என்பதற்காக இருக்கலாம் என்கிறார்கள். அந்தக் குசுகுசுப்பின் மேல் ஒரு அவுட்போர்டு எஞ்சின் ஓடினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊரில் பிள்ளை பார்க்கப் போவோம் இல்லையா? சோப்பும் பவுடரும் குட்டி உடுப்பும் வாங்கிக்கொண்டு. போனதும் யாரும் நேராக அறைக்குள் ஏறிவிடுவதில்லை. திண்ணையில் உட்காருவோம், “பிள்ள உறங்குதா?” என்று கேட்போம், உள்ளே கூப்பிட்டால் போவோம், இல்லையென்றால் காப்பியைக் குடித்துவிட்டு வந்துவிடுவோம். நல்ல படகோட்டிக்கும் இந்த முறை தெரியும். கன்றோடு படுத்திருக்கும் தாயைக் கண்டால் தூரத்திலேயே வேகத்தைக் குறைத்து, எஞ்சினை நியூட்ரலில் போட்டு, அரை மணி நேரம்கூடச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பான். தாய் ஓரிடத்தில் கிடக்கிறாளா, நகர்ந்துகொண்டே இருக்கிறாளா? கன்று சில நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சு வாங்க எழும்பும்போது விளையாட்டாகச் சுற்றுகிறதா, உடனே தாயின் அடிக்குப் போகிறதா? படகுக்கும் கன்றுக்கும் நடுவில் தாய் வந்து நின்றால் அதுதான் பதில், திரும்பிவிட வேண்டும். என்னைக் கேட்டால், பிறந்து சில நாளே ஆன கன்றிடம் யாருமே இறங்கக் கூடாது. டோங்காவின் சட்டம் அவ்வளவு கண்டிப்பு இல்லை. ஆனால் நல்ல நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே இப்படி வைத்துக்கொள்வதுண்டு. கேட்டுப் பாருங்கள்.

டோங்காவில் சட்டம் இருக்கிறது என்பதே பெரிய விஷயம். அங்கே கரையோர மக்கள் திமிங்கிலத்தைச் சாப்பாட்டுக்காக வேட்டையாடி வந்தவர்கள். 1978-ல் மன்னர் அதை நிறுத்தினார். வேட்டை போன இடத்துக்குப் பின்னால் வந்ததுதான் இந்த நீச்சல் தொழில். இன்று உரிமம் பெற்ற படகுகள்தான் ஆட்களை இறக்கலாம். ஒரு நேரத்தில் நான்கு பேர், கூட ஒரு வழிகாட்டி, அவ்வளவுதான் தண்ணீரில். ஒரு திமிங்கிலக் கூட்டத்திடம் ஒரு சமயத்தில் ஒரு படகு மட்டும். காகிதத்தில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. தண்ணீரில் எல்லாரும் அப்படி நடப்பதில்லை என்று அங்கே போய் ஆராய்ந்தவர்களே எழுதியிருக்கிறார்கள். தாயும் கன்றும் படகையும் ஆட்களையும் தவிர்த்து விலகுவதையும் பதிவு செய்திருக்கிறார்கள். ஆக, உங்கள் மகளின் கேள்விக்குப் பாதிப் பதில்: ஆமாம் மக்கா, சில சமயம் பயப்படும்.

இனி அந்த இரண்டாவது நிறுவனம். விலை கூடுதல் என்பதால் மட்டும் நல்லவர்கள் ஆகிவிட மாட்டார்கள். அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். உரிமம் உண்டா என்று கேட்டால் எல்லாரும் உண்டு என்பார்கள். அதனால் இப்படிக் கேளுங்கள்: “போன சீசனில் எத்தனை நாள் யாரையும் தண்ணீரில் இறக்காமல் கரைக்குத் திரும்பினீர்கள்? ஏன் திரும்பினீர்கள்?” நல்லவர்களிடம் இதற்குக் கதை இருக்கும். காற்று, கலங்கல், தாய் ஒதுங்கினாள், ஏற்கெனவே வேறு படகு நின்றது என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். மற்றவர்கள் “கவலைப்படாதீர்கள், எங்கள் வெற்றி விகிதம் மிக அதிகம்” என்பார்கள். பதில் எழுதுகிறவர் படகில் வருபவரா, அலுவலகத்தில் இருப்பவரா என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

பிறகு அவர்களுடைய புகைப்படங்களைப் பாருங்கள், அழகுக்காக வேண்டாம். யாராவது கையை நீட்டித் தொடுகிறார்களா? கன்றுக்கும் தாய்க்கும் நடுவில் நீந்துகிறார்களா? ஒரே படத்தில் ஏழெட்டுத் தலைகளா? அப்படியானால் பக்கத்தை மூடிவிடுங்கள். தங்கள் கடையில் தாங்களே மாட்டிவைத்த சாட்சி அது.

ஆண் திமிங்கிலங்கள் ஒரு பெண்ணைத் துரத்தி முட்டி மோதும் ஓட்டம் ஒன்று உண்டு. அதற்குள் இறக்குகிறோம் என்று யாராவது பெருமையாகச் சொன்னால் உங்கள் உயிருக்காகவே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முப்பது டன் எடையுள்ள உடம்புகள். உங்களைக் கொல்ல நினைக்க வேண்டியதில்லை, கவனிக்காமல் திரும்பினாலே போதும். 2020 ஆகஸ்டில் உங்கள் ஆஸ்திரேலியாவின் நிங்கலூவிலேயே, முறையான சுற்றுலாவில் போன ஒரு பெண்ணுக்கு அடிபட்டு விலா எலும்பு முறிந்தது.

நிறுவனத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம். உங்களைப் பற்றியும் பேச வேண்டும், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தப் படகோட்டியைத் துரத்த வைப்பது பெரும்பாலும் முதலாளி இல்லை, பின்னால் உட்கார்ந்திருக்கிறவர்களின் முகம்தான். இவ்வளவு செலவு செய்து, விமானம் மாறி மாறி வந்து, ஒரே ஒரு நாள் பதிவு செய்து, மத்தியானம் வரை ஒன்றும் நடக்கவில்லையென்றால் அந்த முகங்கள் எப்படி இருக்கும்? இலங்கையில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். அதனால் முடிந்தால் நான்கைந்து நாளுக்குப் பதிவு செய்யுங்கள், அவசரம் குறையும். முதல் நாள் காலையிலேயே படகோட்டியிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்: “இறங்காமல் திரும்பினாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான்.” இப்படி யாருமே அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

தண்ணீரில் இறங்கினால் நீந்தாதீர்கள். குளத்தில் மல்லாந்து கிடப்போமே, அதையே குப்புறப் போட்டு ஸ்னார்கல் வைத்த மாதிரி கிடந்தால் போதும். கால் துடுப்பால் படபடவென்று அடிக்கக் கூடாது, முங்கித் துரத்தக் கூடாது. அது வந்தால் வரும். குலசேகரத்துக்காரிக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை.

இவ்வளவுக்கும் பிறகு, ‘போகலாமா’ என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு என் பதில்: இந்த வருடம் டோங்கா வேண்டாம். பிரிஸ்பேனிலிருந்து வடக்கே காரில் நான்கு மணி நேரம் போனால் ஹெர்வி விரிகுடா. அண்டார்க்டிகாவுக்குத் திரும்பும் வழியில் தாய்களும் கன்றுகளும் நின்று இளைப்பாறும் இடம். ஆஸ்திரேலியாவில் படகுகள் நூறு மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்று விதி. ஆனால் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்கும் படகைத் தேடி திமிங்கிலமே வந்து, தலையை நீட்டி எட்டிப் பார்ப்பது அங்கே அடிக்கடி நடப்பது. மகளைப் படகின் விளிம்பில் நிறுத்தி அதைப் பார்க்கச் சொல்லுங்கள். அது மூச்சு விடும்போது வருகிற வாடையை முகர்ந்துவிட்டு அவளே முடிவு சொல்லட்டும். அடுத்த வருடமும் அவளுக்கு ஆசை இருந்தால் டோங்கா.

ஒரு விஷயம் மட்டும் உங்களுக்காக. கூன்முதுகுத் திமிங்கிலம் என்றால் நமக்கு வேறு யாருடைய கடலிலோ இருப்பது என்று தோன்றும். அரபிக் கடலில் எங்கும் வலசை போகாமல் வருடம் முழுக்க இங்கேயே இருக்கும் தனிக் கூட்டம் ஒன்று உண்டு. 1966 நவம்பரில் மட்டும் சோவியத் கப்பல்கள் இதில் 238-ஐக் கொன்றன. இன்று ஓமன் பக்கம் நூறுக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று கணக்கு. 2017 கடைசியில் அங்கே ஒரு பெண் திமிங்கிலத்துக்குச் செயற்கைக்கோள் கருவி பொருத்தி, லுபான் என்று பெயர் வைத்தார்கள். அரபியில் சாம்பிராணி. அவள் அரபிக் கடலைக் குறுக்கே கடந்து, கோவா, கொச்சி என்று நம் கரையோரமாகவே தெற்கே இறங்கி, இந்தியாவின் தென்முனை வரைக்கும் வந்துவிட்டு ஓமனுக்கே திரும்பிப் போனாள். அந்த ஜனவரியில் எங்கள் ஊர் வள்ளங்கள் ஏதாவது அவள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டிருக்குமா என்று நான் விசாரித்துப் பார்த்தேன். ஒருத்தரும் ஆமாம் என்று சொல்லவில்லை. ஒரு கிழவர் மட்டும், “வந்திருக்கும், எங்களுக்கென்ன, மிண்டாம இருந்திருப்போம்” என்றார்.

மின்னஞ்சலுக்கு அந்த இரண்டாவது நிறுவனம் என்ன பதில் எழுதியது என்று எனக்கும் அனுப்புங்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தால் மகளோடு முட்டத்துக்கு வாருங்கள். காலையில் கடல் அமர்ந்திருந்தால் பாறை மேலிருந்தே ஓங்கல் கூட்டம், அதாவது டால்பின்கள், தெரியும்.