உகந்தைப் பக்கம் காட்டுக்கோழி எங்கே கூடு கட்டும்?

கிழக்கிலங்கையின் உகந்தை, குமண வீதியோரம் காட்டுச்சேவல் நிறையத் தெரிகிறது, கூட்டை மட்டும் காணவில்லையே என்று கேட்டிருந்தீர்கள். காணாமல் இருப்பதுதான் அதன் பாதுகாப்பு.

இலங்கைக் காட்டுக்கோழிக்கு அடர்காடு மட்டும் போதாது. கிளறி விதையும் பூச்சியும் கறையானும் தின்னச் சருகு மூடிய தரை வேண்டும், ஆபத்து வந்தால் ஓடி ஒளியப் பற்றை வேண்டும், இரவில் தங்க மரக்கிளை வேண்டும். காடும் பற்றையும் சேரும் ஓரங்களில் இவை எல்லாம் கிடைக்கும். அதனால்தான் காலையிலும் மாலையிலும் வீதியோரம் வருகிறது.

கூடு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. பற்றைக்குள்ளோ மரத்தடியிலோ காலால் கீறிய சிறு பள்ளம், அதில் கொஞ்சம் சருகு. சில வேளை வேறு பறவைகள் கைவிட்ட பழைய கூட்டிலும் முட்டையிடும். பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு முட்டைகள்; வெளிர் நிறத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். ஏறக்குறைய மூன்று கிழமை பேடுதான் அடைகாக்கும். அதன் கபில நிறமும் கோடுகளும் சருகோடு அப்படியே கலந்துவிடும், கிட்டப் போனாலும் தெரியாது.

தயவுசெய்து பற்றைக்குள் இறங்கித் தேடாதீர்கள். பேடு எழுந்து ஓடினால் முட்டை கீரிக்கோ உடும்புக்கோ போய்விடும். வீதியில் நின்றே பாருங்கள்; சேவலின் சிவந்த கொண்டை நடுவில் மஞ்சள் திட்டு தெரியும்.