தரிசு சும்மா கிடக்கிறதா?

கேள்வி: பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்காகக் கரும்பும் மக்காச்சோளமும் போடுவது தப்பு என்றே வைத்துக்கொள்வோம். சும்மா கிடக்கிற தரிசில் காட்டாமணக்கு வைத்து பயோடீசல் எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?
- ஒரு வாசகர், விருதுநகர்

பதில்: ஆட்டுக்கு நஷ்டம். ஆடு வைத்திருப்பவருக்கு நஷ்டம்.

அந்த 'சும்மா'வோடுதான் எனக்குச் சண்டை. எங்கள் ஊர்த் தரிசில் ஒரு மழை விழுந்தால் போதும், புல் கிளம்பிவிடும். காலையில் ஆட்டுக் கிடை இறங்கும். பெண்கள் விறகு பொறுக்குவார்கள், துத்திக்கீரை கிள்ளுவார்கள், பொங்கல் சமயத்தில் ஆவாரம்பூ பறிப்பார்கள். உழுது பயிர் வைக்கவில்லை என்பதற்காகப் பதிவேட்டில் 'தரிசு' என்று எழுதிவிட்டார்கள். புறம்போக்கும் இப்படித்தான். ஏரி, வாய்க்கால், மந்தை, சுடுகாடு என்று ஊர்ப் பொதுவுக்காக வரிக்கு வெளியே விட்ட நிலம் அது. அந்த நல்ல சொல்லை வசவாக்கியவர்களோடு இந்தப் பக்கத்தில் பல வருடமாக மல்லுக்கு நிற்கிறேன். இனியும் நிற்பேன்.

சரி, காட்டாமணக்குக்கு வருவோம். சின்ன வயதில் அதன் காம்பை ஒடித்து, கசியும் பாலில் குமிழி ஊதியிருக்கிறோம். ஆடு வாய் வைக்காது என்பதால் வேலிக்கு வைத்த செடி. அதை 1 கோடி ஹெக்டேருக்கு மேல் நடலாம் என்று 2003-இல் திட்டக் குழுவின் அறிக்கை சொன்னது. என் பெரியப்பாவும் நம்பி 3 ஏக்கர் மானாவாரியில் வைத்தார். தண்ணீர் இல்லாவிட்டாலும் அந்தச் செடி சாகாது, ஆனால் சொல்லிக்கொள்கிற மாதிரி காய்க்கவும் செய்யாது. இது அவருக்குத் தெரிய 3 வருடம் ஆனது. கன்று விற்க வீடு தேடி வந்தவர்கள் கொட்டை வாங்க வரவே இல்லை. கடைசியில் வாடகைக்கு ஜேசிபி பிடித்து வேரோடு பிடுங்கினார்.

சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகிலிருந்து எத்தனால் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை. கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்கும் நாடு இது. ஆலைக்குக் காசு புரண்டால் கரும்பு விவசாயிக்கு அது தரவேண்டிய நிலுவையும் சீக்கிரம் தீரும். ஆனால் மக்காச்சோளத்தில் கை வைத்ததும் கதை மாறிவிட்டது. கோழித் தீவனத்துக்கு இருந்த சோளம் எத்தனால் ஆலைக்குப் போக, பல வருடங்களாக ஏற்றுமதி செய்த நாடு 2024-இல் வெளியிலிருந்து சோளம் வாங்கியது. அதனால் ஏறும் தீவன விலை நாமக்கல் கோழிப் பண்ணையில் தொடங்கி உங்கள் வீட்டு முட்டை வரைக்கும் வரும்.

பயோடீசல் வேண்டுமா? உங்கள் ஊர் எண்ணெய்ப் புரோட்டாச் சட்டியைப் பாருங்கள். திரும்பத் திரும்பக் காய்ந்து கறுத்த எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-இலேயே தொடங்கிவிட்டது. அதற்கு ஒரு சென்ட் நிலம் வேண்டாம். அந்த எண்ணெய் நம் வயிற்றுக்கும் வராமல் போகும். அடுத்த முறை புரோட்டா சாப்பிடப் போனால், பழைய எண்ணெயை யார் எடுத்துப்போகிறார்கள் என்று கடைக்காரரிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள்.