6 மி.மீ. நாட்யூல்: ஆறு மாதம் ஏன் காத்திருக்க வேண்டும்?

கேள்வி: வயது 52. புகைப்பழக்கம் இல்லை. இருமல் விடாததால் நெஞ்சுக்கு சி.டி. ஸ்கேன் எடுத்தேன். வலது நுரையீரலில் 6 மி.மீ. திட நாட்யூல் (கெட்டியான சிறு கட்டி போன்ற புள்ளி) ஒன்று இருக்கிறதாம். ஆறு மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார் மருத்துவர். புற்றுநோயாக இருந்தால் அதற்குள் முற்றிவிடாதா? இப்போதே பெட் ஸ்கேன் எடுத்துவிடலாமா?

பதில்: ரிப்போர்ட்டில் அப்படி ஒரு வரியைப் படித்தால் யாருக்கும் தூக்கம் வராது. ஆனாலும் உங்கள் மருத்துவர் சொன்னது சரிதான். நெஞ்சுப் படங்களை ஆராயும் நிபுணர்களின் சர்வதேச அமைப்பான ஃப்ளைஷ்னர் சங்கத்தின் 2017 வழிகாட்டுதலும் 6 முதல் 8 மி.மீ. வரையுள்ள தனித் திட நாட்யூலுக்கு 6 முதல் 12 மாதத்தில் மறு ஸ்கேன் என்றே சொல்கிறது.

இந்த அளவில் இருப்பவை பெரும்பாலும் பழைய தொற்றின் தழும்பாகவோ, நுரையீரலுக்குள் உள்ள சிறு நிணநீர்க் கணுவாகவோ இருக்கும். ஒரே ஒரு படத்தை வைத்து அதை உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. வளர்கிறதா, அப்படியே கிடக்கிறதா என்பதுதான் காட்டிக்கொடுக்கும். திட நாட்யூலாகத் தெரியும் நுரையீரல் புற்று, கன அளவில் இரட்டிப்பாகப் பொதுவாக 100 முதல் 400 நாள் எடுக்கும். 6 மி.மீ. உருண்டை இரட்டிப்பானாலும் விட்டம் ஏறக்குறைய 7.5 மி.மீ.தான் ஆகும். கையால் அளக்கும்போது வரும் வித்தியாசமே ஒன்றரை மி.மீ. வரை போகலாம். அடுத்த மாதமே ஸ்கேன் எடுத்தால், வளர்ந்திருந்தாலும் படம் பார்த்துச் சொல்லும் மருத்துவர்களான எங்கள் கண்ணில் படாது.

பெட் ஸ்கேன் இப்போது வேண்டாம். ஊசியில் செலுத்தும் கதிரியக்கச் சர்க்கரையைப் புற்று அதிகமாக இழுத்து, படத்தில் ஒளிர்வதைப் பார்ப்பதுதான் அது. 8 மி.மீ.க்குக் கீழே இருந்தால் புற்றாக இருந்தாலும் அதில் ஒளிராமல் போகலாம். 'ஒன்றுமில்லை' என்று வந்தால் அதை நம்பி நீங்கள் மறு ஸ்கேனை விட்டுவிடக்கூடும். எனக்கு அதுதான் பெரிய பயம்.

அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று இருக்கிறது. முன்பு எப்போதாவது நெஞ்சுக்கு சி.டி. எடுத்திருக்கிறீர்களா? வயிற்றுக்கு எடுத்திருந்தாலும் நுரையீரலின் அடிப்பகுதி அதில் விழுந்திருக்கும். தேடிப் பாருங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒரு ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தை அடையாளமாக வைத்துக்கொண்டு, இரண்டிலும் அதே இடத்துக்கு நகர்த்திப் பார்ப்போம். இரண்டு வருடத்துக்கு முந்தைய படத்திலும் அதே அளவில் அந்தப் புள்ளி இருந்தால், கவலை அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். இதற்கு ரிப்போர்ட் தாள் மட்டும் போதாது, ஃபிலிமும் போதாது. படங்கள் முழுவதும் பதிந்த குறுந்தகடு வேண்டும். இப்போது எடுத்ததையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

மறு ஸ்கேனை முடிந்தால் அதே இடத்தில், ஒரு மி.மீ. அளவு மெல்லிய வெட்டுகளாக, குறைந்த கதிர்வீச்சு முறையில் எடுக்கச் சொல்லுங்கள். 5 மி.மீ. தடிமனில் வெட்டினால் இவ்வளவு சின்னப் புள்ளியின் விளிம்பு மங்கிவிடும், அளவும் தவறும். சாய ஊசி தேவையில்லை. கதிர்வீச்சு சுமார் 1.5 மில்லிசீவர்ட்தான். இயற்கையிலிருந்தே வருடத்துக்கு 2 முதல் 3 வரை நம் உடம்பில் படுகிறது.

இது எல்லாருக்கும் பொருந்தாது. முன்பு ஏதாவது புற்றுநோய் வந்திருந்தாலோ, நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாலோ மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள், கணக்கு வேறு. அப்புறம், சளியில் ரத்தம் வந்தாலோ காரணமில்லாமல் எடை குறைந்தாலோ ஆறு மாதம் பார்க்காதீர்கள். அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.